கும்பிட்ட கையும் எரியாத விளக்கும்

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே இருக்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்லப்போகிறார்கள். தோல் மண்டியில் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தியே பழகின தொண்டை. ஆனால் என் வண்டிக்குப் பக்கத்தில் போனால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

வண்டி என்றதும் ஏதோ ஒரு கார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிறந்த காலத்தில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது, மடக்கி வைக்கிற துணிதான். கரும்பச்சை நிறம். முன்பக்கம் நீளமாக இருக்கும், பின்பக்கம் சின்னதாக உருண்டு முடியும். அந்த உருண்ட பின்பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள், மாதுளம்பழ நிறத்தில் கனத்த கண்ணாடி போட்டவை. மாஷா அல்லாஹ், அந்தப் பின்னழகுக்காகவே வண்டியை முன்னே போகவிட்டு நாம் பின்னால் நடக்கலாம். கொடைக்கானல் மலையில் ஒரு தோட்டத்து ஷெட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி அது. அதைக் கீழே கொண்டுவந்து எழுப்பி உட்காரவைக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. சீட்டுக்குத் தோலை என் மண்டியிலேயே பொறுக்கி எடுத்து, நானே வெட்டினேன். தைத்தவர் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆறு வருஷமும் எனக்கு ஒரே மந்திரம்தான்: ஒரிஜினல். ஒரு திருகாணி என்றாலும் அந்த வண்டிக்கு அந்தக் காலத்தில் போட்ட அதே திருகாணிதான் வேண்டும். கிடைக்கும் வரை வண்டி நிற்கும். நான் காத்திருப்பேன்.

போன வருஷம் பின்னால் எடுக்கும்போது எங்கள் வீட்டு கேட்டிலேயே இடித்தேன். பம்பரில் ஒரு கீறல், என் நெற்றியில் ஒரு வீக்கம். அன்றைக்கு என் மனைவி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் இந்த வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்காருல்ல? இனிமே உங்க தப்புனால இதுல ஒண்ணு நடந்துச்சுன்னா, மறுபேச்சு இல்லாம அவருக்குக் குடுத்துரணும். அடுத்தவன் தப்புன்னா வேற. உங்க தப்புன்னா குடுத்துரணும். அல்லாஹ் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். என் தப்பால் இனி எதுவும் நடக்காது என்கிற தைரியம்தான்.

இந்த வருஷம் ஒரு புதன்கிழமை. பள்ளிவாசல் தெருவில் எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "பாய், பிரேக் போட்டா பின்னாடி செவப்பு லைட்டு எரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பல்பு நன்றாக இருந்தது. பிரேக்கை மிதித்தால் விளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சின்ன சுவிட்ச் செத்துப்போயிருந்தது.

"லோக்கல் சுவிட்ச் ஒண்ணு கெடக்கு பாய். அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அவர்.

"ஏலே, உங்க தாத்தாவுக்கு மூக்கு போயிருச்சுன்னா பிளாஸ்டிக் மூக்கு வைப்பியா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா ரோட்டுல ஓடல பாய்" என்றார். அவருக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

ஒரிஜினல் சுவிட்சுக்கு எழுதிப்போடுவதாகவும், வரும் வரை கை இருக்கிறதே என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் எல்லாரும் கையால்தானே சைகை காட்டினார்கள்? வண்டி மெதுவாகப் போகிறது என்றால் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து, மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அதுவும் ஒரு ஒரிஜினல்தான் என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். மனைவியிடம் விளக்கு விஷயத்தைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெய்க்காரப்பட்டிக்கு வெல்லம் வாங்கக் கிளம்பினேன். "திண்டுக்கல்லுல கெடைக்காத வெல்லமாக்கும்? இம்புட்டு தூரம் போயி வாங்கணுமாக்கும்?" என்றாள். வெல்லம் வெறும் சாக்குப்போக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். "போயிட்டு வாரேன்" என்று சாவியை எடுத்தேன். "பாத்துப் போங்க" என்றாள்.

ஒட்டன்சத்திரம் வரை சொர்க்கம். காலைக் காற்றில் அந்த இன்ஜின் பேசுகிற பேச்சை நான் எப்படி எழுதுவேன்? பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் நெரிசல். அதைத் தாண்டியதும் எனக்குப் பின்னால் ஒரு குட்டியானை சேர்ந்துகொண்டது. காய் ஏற்றுகிற சின்ன லாரியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்லுவோம். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு வீட்டுக்குத் திரும்புகிற வண்டி. கண்ணாடியில் பார்த்தேன். ஒழுங்காக இடம் விட்டு வந்தது. நானும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் கையை நீட்டி ராஜா மாதிரி ஆட்டிக்கொண்டு போனேன்.

சத்திரப்பட்டி தாண்டி, ஆயக்குடிக்கு முன்னால், சாலையோரம் கொய்யாக்காய்க் கூடைகள் வைத்திருக்கிற இடம். அங்கே ஒரு மயில் சாலையைக் கடந்தது. கடந்தது என்று சொல்லுவதுகூடத் தப்பு. பாதியில் நின்று, தோகையை இழுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தது. பிரேக்கை மிதித்தேன். கையை நீட்ட எங்கே நேரம்? வண்டி நின்றது. மயிலும் நின்றது. அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு அடி. என் தலை சீட்டில் மோதியது. கண்ணாடி நொறுங்கிச் சாலையில் சிதறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கொய்யா விற்கிற அம்மா ஓடிவந்தார். "மயிலுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்!

இறங்கிப் பின்னால் போனேன். யா அல்லாஹ். உருண்டையாக இருந்த பின்பக்கம் ஒரு பக்கமாகக் குழிந்து, டிக்கியின் மூடி வாய் பிளந்து நின்றது. வலது விளக்கு முழுசாகப் போய்விட்டது. இடது விளக்கு வெறும் வயரில் தொங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அசிங்கம் என்று அதைக் கத்தலாக மாற்றினேன்.

குட்டியானையிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயதிருக்கும். மடித்துக் கட்டின வேட்டி, நெற்றியில் திருநீறு. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவருடைய கண், அவருடைய லைசன்ஸ், அதை அவருக்குக் கொடுத்தவர் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"ஏனுங்க பாய், உங்களுக்கு அடி ஏதும் படலீங்களே?"

"அடி எனக்கு இல்லய்யா, வண்டிக்கு! பாத்து ஓட்ட மாட்டீங்களா?"

"தப்பு என்னுதுதானுங்க. மலை தெரிஞ்சுதுங்க. கையெடுத்துக் கும்பிட்டனுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில்தான் சாலை திரும்பி, தூரத்தில் பழநி மலை முதல் தடவையாகக் கண்ணில் படும். அந்தப் பக்கத்து டிரைவர்கள் அங்கே வந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒரு கையைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். இவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"ரெண்டு கையுமா?"

"ஒத்தைக் கையில கும்பிட்டா நல்லா இருக்காதுங்களே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கண்ணையும் மூடிட்டனுங்க" என்றார்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அவர் காதருகில் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே, "பிரேக் புடிக்கலன்னு சொல்லுய்யா. இன்சூரன்ஸ்காரன் கேட்டா கும்பிட்டேன்னா சொல்லுவே?" என்றார். "கும்பிட்டதுதானுங்களே நடந்துச்சு. பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் இவர். பாவம், அந்தப் பிரேக் மேலே ஒரு பொய்யைக்கூடப் போட அவருக்கு மனசு வரவில்லை.

நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளே ஒரு மூலையில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அவமானமாக இருந்தாலும் சொல்லுகிறேன். இத்தனை பேர் முன்னால், தன் தப்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டார். என் தப்பு இல்லை. வண்டி கோயம்புத்தூருக்குப் போகாது.

அதற்குள் அவர் குனிந்து சாலையிலிருந்து சிவப்புக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். பெரிய துண்டு, பொடித் துண்டு எல்லாவற்றையும் தோளில் கிடந்த துண்டில் போட்டு முடிச்சுப் போட்டார். "இது இனிமேக் கெடைக்காதுங்களே?" என்று கேட்டார். கத்துவதற்கு வாயைத் திறந்த நான், "கெடைக்காது" என்று மட்டும் சொன்னேன். அவர் தன் வண்டியிலிருந்து கயிறு எடுத்துவந்து டிக்கியை இழுத்துக் கட்டினார். கயிறு பெயின்ட்டில் உரசுகிற இடத்தில் எல்லாம் சாக்கை மடித்து வைத்தார். என் மெக்கானிக்கூட இவ்வளவு பக்குவமாக அந்த வண்டியைத் தொட்டதில்லை.

"நீங்க திண்டுக்கல்லுக்கு முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றனுங்க" என்றார்.

அவர் ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். திண்டுக்கல் அவருக்கு எதிர்த் திசை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இண்டிகேட்டர் இரண்டையும் மின்னவிட்டு, எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். நான் ஊர்ந்தேன், அவரும் ஊர்ந்தார். ஹார்ன் அடித்து முந்தப் பார்த்தவர்களுக்குக் கையைக் காட்டி ஒதுங்கிப் போகச் சொன்னார்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இன்ஜின் சூடு என்று சொன்னேன். உண்மையில் அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன்: "எதுக்கு இம்புட்டு தூரம் கூட வாரீங்க?"

"உங்க வண்டியில பின்னாடி லைட்டு இல்லீங்களே."

"இப்ப இல்லதான். நீங்கதான ஒடச்சீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "முன்னாடியும் இல்லீங்களே" என்றார்.

நான் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தேன்.

"காத்தால இங்கிருந்தே உங்க பின்னாடிதானுங்க வந்தேன். வேகத்தடைக்கெல்லாம் வண்டி மெதுவாகுது, லைட்டு எரியல. நீங்க கையை மட்டும் ஆட்டறீங்க. சரி, இவருக்கு லைட்டு இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு நல்லா எடம் விட்டே வந்தனுங்க."

"அப்புறம் ஏங்க இடிச்சீங்க?"

"மலை வந்துருச்சுங்களே."

"அங்கே அத்தன பேர் இருந்தாங்க. நான் உங்கள அந்தப் பேச்சுப் பேசினேன். அப்பவே லைட்டு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தெரியாம வந்து இடிச்சிருந்தா சொல்லியிருப்பனுங்க. தெரிஞ்சுக்கிட்டே கண்ணை மூடினது நான்தானுங்களே."

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். தன் பக்கத்து நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை எடுத்து நீட்டாத ஒரு மனிதனை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அவர் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தார். நான் எனக்கே சின்னவனாகத் தெரிந்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த என் மனைவி முதலில் என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு என் கையையும் காலையும் பார்த்தாள். கடைசியாகத்தான் வண்டியைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் வந்தார். "அம்மா, நான்தானுங்க இடிச்சுட்டேன். மலையைக் கும்பிடறேன்னு கையை விட்டுட்டனுங்க. பாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"உசுருக்கு ஒண்ணும் இல்லையே, அது போதும். உள்ள வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். அவருக்கு அன்று விரதம் என்று தெரிந்ததும், ஆக்கி வைத்திருந்த கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, செத்த நேரத்தில் தனிச் சட்டியில் ரசம் வைத்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக உருளைக்கிழங்கை வதக்கிவிட்டாள். இலையில் பரிமாறிக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "நல்லவேளை, உங்க தப்பு இல்ல. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் அதை என் மேல் கோபம் இல்லாமல், என் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். வண்டி எனக்கு, அவ்வளவுதான். ஆனால் நான் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

"பிரேக் லைட்டு எரியல" என்றேன். "புதன்கிழமைல இருந்தே எரியல. எனக்குத் தெரியும்."

கரண்டி அவள் கையிலேயே நின்றது. "தெரிஞ்சுமா ஓட்டுனீங்க?"

"ஒரிஜினல் சுவிட்ச் வரட்டும்னு..."

"உங்க உசுருக்கு ஒரிஜினல் எங்கங்க கெடைக்கும்? நான் எந்த ஊருக்கு எழுதிப்போட்டு வரவழைக்கிறது?"

சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள். கேட்டில் இடித்தபோதும் அழாதவள். விருந்தாளி இருக்கிறார் என்று முந்தானையால் சட்டென்று துடைத்துக்கொண்டு, அவர் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

நான் எழுந்து கையைக் கழுவினேன். யாரும் சொல்லாமலே போனை எடுத்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன். வண்டியைக் கொடுக்கிறேன் என்றேன். மனுஷன் துள்ளிவிட்டார். பின்பக்கம் அடிபட்டிருக்கிறது, தட்டி எடுத்துவிடலாம் என்றேன். பரவாயில்லை என்றார். "லைட்டு கண்ணாடி ஒரிஜினல்தானுங்களே?" என்று கேட்டார்.

"வலது பக்கம் ஒடஞ்சு போச்சு."

"அப்படீங்களா... அந்தக் கண்ணாடி இனி எங்கயும் கெடைக்காதுங்க. ஒரிஜினல் போயிருச்சுன்னா அப்புறம் அது வண்டியே இல்லீங்க. எனக்கு வேண்டாமுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு கண்ணாடி போனா வண்டி இல்லையா? என்ன பேச்சுய்யா பேசுறீங்க? ஓடுற வண்டிய்யா இது! ஆள் உக்காந்து போறதுக்குச் செஞ்ச வண்டி! அலமாரில வச்சுப் பாக்குறதுக்கா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டேன். புதன்கிழமை என் மெக்கானிக்கிடம் நான் பேசின பேச்சைத்தான் இந்த மனுஷன் எனக்கே திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்தேன்.

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். அவரும் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "குடுக்குறேன்னு சொல்லிட்டீங்க. சத்தியம் முடிஞ்சுது. வாங்குறவருக்கு வேண்டாம்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "அந்த லோக்கல் சுவிட்சப் போட்டதும் வந்து கேளுங்க."

மறுநாளே போட்டேன். அஞ்சு நிமிஷம்தான் ஆனது. மெக்கானிக் வாயே திறக்கவில்லை. அவர் திறக்காததுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி முடித்த வாரத்தில் குட்டியானைக்காரர் தொப்பம்பட்டியிலிருந்து வந்தார். கையில் நெய்க்காரப்பட்டி வெல்லம் ஒரு பையில், குட்டியானைக்குப் போடுகிற சிவப்பு விளக்கு ஒன்று இன்னொரு பையில். "சரியா இருக்குமான்னு தெரியலீங்க" என்றார். அளவு கொஞ்சம் சின்னது. அதை வலது பக்கம் மாட்டினேன். இடது பக்கம் மாதுளம்பழ நிறம், வலது பக்கம் லாரி விளக்கு. வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளுகிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் எப்போது கிளம்பினாலும் என் மனைவி வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறாள். "அமுக்குங்க" என்கிறாள். அமுக்குகிறேன். "ரெண்டும் எரியுது" என்று சொன்ன பிறகுதான் கேட்டைத் திறக்கிறாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் ஏறிக்கொள்ளுகிறாள்.

ஆயக்குடிக்கு முன்னால் அந்தத் திருப்பம் வந்ததும் நான் வண்டியை இடது ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன். விளக்கு எரிகிறது என்று தெரிந்தும் கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டுகிறேன். "இன்னும் எதுக்குக் கையை ஆட்டுறீங்க? லைட்டுதான் எரியுதே" என்று முதல் தடவை அவள் கேட்டாள். தூரத்தில் மலை தெரிந்தது. பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு குட்டியானைகளும் வந்துகொண்டிருந்தன.

"கண்ணை மூடிக்கிட்டு யாராச்சும் வருவாங்க" என்றேன். "அவங்க கும்பிட்டு முடிக்கட்டும்."